காட்டியவரே கேட்க வேண்டும்

நாலு மணி நேரக் கணக்கை அத்தை அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கவே கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மருத்துவமனையில், குழந்தையின் அம்மா தலையணையில் சாய்ந்தபடி, "ஆறு வாரம் கழிச்சு நான் வெளியே வரும்போது அவளுக்கு என்னைத் தெரியுமா அண்ணி?" என்று கேட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதெல்லாம் தெரியும், பெத்தவளைத் தெரியாம போகுமா என்று மழுப்பியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அத்தையால் முடியவில்லை. பதினொரு வருடமாகக் கைக்குழந்தைகளின் ஞாபகத்தைச் சோதிக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியே பழகிவிட்டாள்.

"புதுசா ஒண்ணைக் காட்டினா, நாலு மணி நேரத்துக்குள்ள அரை மணியாவது தூங்கணும். தூங்கின குழந்தைங்க மறுநாள் வந்து அதைத் தானே செஞ்சு காட்டும். தூங்காததுங்க திருதிருன்னு முழிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் என்றுதான் சொன்னாள். ஆறு வாரம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவள் தனக்கு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அம்மா, அப்பா, அத்தை என்று இந்தக் கதையில் எல்லோரையும் சுண்டு கூப்பிடப்போகிற பெயரிலேயே சொல்லி வருகிறோம். சுண்டுவுக்குப் பத்து மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் அவள் யாரையும் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு ரத்தத்தில் நோய். அவள் கூடப் பிறந்த தம்பியின் எலும்பு மஜ்ஜை பொருந்திவிட்டதால், இன்று மாலை நாலு மணிக்கு அவளைத் தனி அறைக்கு மாற்றப்போகிறார்கள். அந்த அறைக்குள் குழந்தை போக முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன் ஒரே ஒரு மணி நேரம், பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை, குழந்தையைத் தொட்டுக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஆறு வாரம் என்பது டாக்டர் சொன்னது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் என்பதையும் அவர் கூடவே சொன்னார். அதை வீட்டில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

*

திட்டம் காகிதத்தில் போட்டால் அழகாக இருந்தது. சுண்டு வழக்கமாக ஒன்பது மணிக்கு ஒரு தூக்கம் போடுவாள். இன்று அதைத் தள்ளிப்போட வேண்டும். பத்தரைக்கு அம்மா ஒரு விளையாட்டைக் காட்டுவாள். பதினொன்றரைக்குக் கிளம்பினால் வீட்டுக்கு வந்ததும் தூக்கம். நாலு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாளைக் காலை பத்து மணிக்குக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், சுண்டு அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டுவாள்.

காகிதத்தைச் சுண்டு படிக்கவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியிலிருந்தே பேசி அடக்குகிற குரல் அவருக்கு உண்டு. அன்றைக்கு அந்தக் குரல் எடுபடவில்லை. எட்டு மணிக்கே சுண்டு கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். அவர் தட்டைத் தட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர் காட்டினார், கீழே தூக்கிக்கொண்டு போய் லிஃப்டின் எல்லாப் பொத்தான்களையும் அவள் கையால் அமுக்கவைத்தார். ஏழு மாடியிலும் கதவு திறந்து திறந்து மூடியது. மூன்றாவது மாடியில் ஏறிய ஒருவர், வேலைக்கு நேரமாகிறது என்று முறைத்துவிட்டு இறங்கிப் படியில் போனார்.

பஸ்ஸில் நிலைமை கை மீறியது. வண்டி குலுங்கக் குலுங்க சுண்டுவின் தலை அத்தையின் வலது தோளில் சாய்ந்தது. அப்பா கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அவள் உள்ளங்காலில் ஒற்றினார். வீறிட்டு அழுதாள். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நிறுத்தம் கழித்துத் தலை மறுபடி சாய்ந்தது. அவர் மறுபடி கைக்குட்டையை நனைத்தார்.

அத்தை அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும்டா. களைச்சுப்போன குழந்தைக்கு எதைக் காட்டினாலும் மண்டையில ஏறாது."

"உங்க கூடத்துல தூங்கவிடாம வைக்கிற குழந்தைங்களை மட்டும் என்ன பண்றீங்க? அதுவும் குழந்தைங்கதானே?"

அது அவளைச் சுட்டது. தூங்க வைக்கிற குழுவோடு ஒப்பிட, தூங்கவிடாத குழு ஒன்றும் வேண்டும். அந்தக் குழந்தைகளோடு பொம்மையும் கையுமாக உட்காருகிறவள் அவள்தான். அழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுவோம், குறிப்பெடுக்கிற தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பதில் சொன்னாள்.

"எனக்குக் கிழிச்சுப் போட இன்னொரு தாள் இல்லைக்கா" என்றார் அப்பா. ஆனால் கைக்குட்டையை அவர் பையில் வைத்துவிட்டார்.

*

மருத்துவமனையில் இவ்வளவு பாடும் வீணானது. அம்மாவின் மார்பில் மருந்து ஏற்றுவதற்காகக் குழாய் வைக்கிறார்கள், காலையில் முடிய வேண்டியது தாமதமாகிவிட்டது, பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் ஐந்து மணியிலிருந்து ஒரு குழந்தையை முழிக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முகத்தை அவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

சற்று நேரத்தில் அப்பாவின் கைப்பேசி அடித்தது. அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக ஒன்பது வருடம் இருந்தவள். அதே குரலில் பேசினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பத்தரை மணிக்கு வர வேண்டிய சுண்டு, பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும். தாமதத்திற்கு வருந்துகிறோம்."

அப்பா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்தே முக்கால் மணிக்குச் சுண்டு தோற்றாள். தாழ்வாரத்துப் பெஞ்சில், அத்தையின் வலது தோளில், வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். எச்சில் வடிந்து அந்த இடம் ஈரமானது. அந்த ரவிக்கையில் அந்த இடம் கொஞ்ச நாளாகவே வெளுத்துத்தான் கிடந்தது. அப்பா எழுப்பலாமா என்று கேட்டதற்கு, எழுப்பினால் கையை ஒடித்துவிடுவேன் என்று அத்தை சத்தமில்லாமல் சொன்னாள். ஒரு விதத்தில் இது நல்லதுதான் என்று விளக்கினாள். தெளிந்து எழுந்தால் நன்றாகக் கவனிப்பாள். பார்த்து முடித்த பிறகு இன்னொரு தூக்கம் வராமலா போகும்?

அத்தைக்கு நாற்பத்தாறு வயது. மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கைக்குழந்தை வளர்க்கிற ஆசையெல்லாம் அவளுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. முழங்கால் வலியோடு, வேலைக்கு விடுப்புப் போட்டு, தம்பி வீட்டில் வந்து இருக்கிறாள் என்றால் வேறு ஆள் இல்லை என்பதால்தான். இதை இப்போதே சொல்லிவைக்கிறோம். பின்னால் நடந்ததைக் கேட்டு யாரும் அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

சாப்பாட்டுத் தட்டுகளை ஏற்றிய வண்டி ஒன்று கடகடவென்று போக, அரை மணியில் சுண்டு கண் விழித்தாள்.

*

பன்னிரண்டு மணிக்குச் சுண்டுவின் நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அத்தை கையில் மூடி ஒட்டிய ஒரு உறை. அதற்குள் வெந்நீரில் துவைத்த சாம்பல் நிறக் காலுறை. அதில் இரண்டு காது தைத்து, பொத்தானில் கண் வைத்து முயலாக்கியிருந்தாள். முயலின் ஒரு கையில் சிவப்புக் கையுறை, அதற்குள் ஒரு சின்ன மணி. கூடத்தில் குழந்தைகளுக்குக் காட்டுவதும் இதே மாதிரி முயல்தான். கையுறையைக் கழற்ற வேண்டும், ஆட்டினால் மணி அடிக்கும், திரும்ப மாட்ட வேண்டும். மூன்று தடவை காட்டுவார்கள். மறுநாள் முயலை நீட்டினால், தூங்கிய குழந்தை தானே கையுறையைப் பிடித்து இழுக்கும்.

அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம், கம்பளித் தொப்பி, நடுவில் இரண்டு கண். தொப்பிக்குக் கீழே முடி இல்லை. சுண்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சுண்டு" என்று அம்மா கூப்பிட்டாள்.

அந்தக் குரலுக்குத் தலை திரும்பியது. அப்பா மூச்சை விட்டார்.

அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா உறையைப் பிரித்து, முயலுக்குள் கையை விட்டு, விரலை ஆட்டினாள். சுண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மாவின் கண் நிறைந்தது. அடுத்தது கையுறையை எப்படிக் கழற்றுவது என்று காட்ட வேண்டும். அதற்கு இன்னொரு கையைத் தூக்கினாள்.

அதற்குள் சுண்டு எட்டி, சிவப்புக் கையுறையை வெடுக்கென்று இழுத்துக் கழற்றிவிட்டாள். ஆட்டினாள். மணி அடித்தது. பிறகு முழு உடம்பையும் திருப்பி, கையுறையை அத்தையிடம் நீட்டி, அவள் கை தட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

யாரும் கை தட்டவில்லை.

"நான் இன்னும் காட்டவே இல்லையே அண்ணி" என்றாள் அம்மா.

அத்தையின் கூடத்தில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். காட்டியவரே கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியது அத்தையின் கைதான். இந்த வயதில் கற்றுக்கொள்வது எதுவும் தனியாக நிற்காது, காட்டிய ஆளோடும் இடத்தோடும் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் செய்யச் சொல்லிக் கேட்கும்போது ஆளை மாற்றினால் எல்லாம் கெட்டது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே பாடம் எடுப்பாள். அப்படிப்பட்டவள் வீட்டில் என்ன செய்திருக்கிறாள்? இந்த ஒரு மணி நேரத்தில் சுண்டு சொதப்பிவிட்டால் அம்மாவின் மனது உடைந்துவிடுமே என்று பயந்து, முன்கூட்டியே பழக்கியிருக்கிறாள். தினமும் காலையில் இட்டுக்கட்டிய பாட்டோடு முயலைக் காட்டி, கை தட்டி, பிறகு தோளில் போட்டுத் தூங்கவைத்திருக்கிறாள். வேலையில் ஒரு நாளும் செய்யாத தப்பைப் பாசத்தில் செய்துவிட்டாள்.

அம்மா ஒன்றும் கத்தவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டாள். பதினெட்டு நாள் என்றாள் அத்தை. ஒவ்வொரு நாளும் அதற்கப்புறம் தூங்கினாளா என்று கேட்டாள். தூங்கினாள் என்றாள் அத்தை. எங்கே என்று கேட்டதற்கு அப்பா முந்திக்கொண்டார்.

"அக்கா தோள்லதான். வேற எங்கேயும் தூங்க மாட்டேங்கறா" என்றார் அப்பா. நல்லதைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார், பாவம்.

"அப்போ உங்க கணக்கு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றாள் அம்மா.

முயலைக் கையிலிருந்து கழற்றி, மடித்து, உறைக்குள் போட்டாள். கையுறையையும் போட்டாள்.

"வெளியே இருங்க அண்ணி. கோபத்துல சொல்லலை. கோபம் இருக்கு, ஆனா அதுக்காகச் சொல்லலை. நீங்க இருக்கிற வரைக்கும் அவ என்னைப் பாக்க மாட்டா."

*

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அத்தை அதற்கு வெளியே நின்றாள்.

சுண்டு அழ ஆரம்பித்தது அவள் கதவைச் சாத்திய அடுத்த நொடி. கூடத்தில் ஒரு நிமிடம் விடாமல் அழுதால் சோதனையை நிறுத்திவிட வேண்டும். அது அத்தையின் உடம்பில் ஊறிப்போன விதி. ஒரு நிமிடம் ஆனதும் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் ஆனது. சுண்டு அப்பாவின் கையிலிருந்து வளைந்து, கதவைப் பார்த்துக் கையை நீட்டி, மூச்சு முட்ட அழுதாள். அத்தை கண்ணாடியை விட்டு விலகிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். தான் அங்கே இருப்பது தெரிந்தால் அழுகை நிற்காது. தெரியாவிட்டாலும் நிற்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது நிமிடம். தாழ்வாரத்தில் போகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள். என்ன பெண் இவள், உள்ளே பிள்ளை அழுகிறது, கல்லு மாதிரி நிற்கிறாளே என்று அந்தப் பார்வை சொன்னது.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து "டிங்... டாங்" என்று கேட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்குமே, அந்த ஓசையை அம்மா வாயாலேயே எழுப்பினாள். அழுகை நடுவில் அறுந்தது.

அத்தை கண்ணாடிக்கு வந்தாள். அம்மா குழந்தைக்கு முன்னால் தலையைக் குனிந்திருந்தாள். சுண்டுவின் கையை எடுத்துத் தொப்பியின் நுனியில் வைத்தாள். சுண்டு பிடித்து இழுத்தாள். தொப்பி வந்துவிட்டது.

முழு மொட்டை. காதுக்கு மேலே நீல நரம்பு ஒன்று ஓடியது. கல்யாணப் படத்தில் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நிற்கிறவள் இவள்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். முடி கொட்டிய நாளிலிருந்து அந்தத் தலையைப் புருஷனுக்குக்கூட அவள் காட்டவில்லை.

"டாங்" என்றாள் அம்மா.

சுண்டு அந்தத் தலையைப் பார்த்தாள். விக்கினாள். பிறகு கையை விரித்து மொட்டையில் ஒரு தட்டு தட்டினாள். அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். டிங். சுண்டு இழுத்தாள். டாங். மூன்று தடவை. அத்தை சொன்ன மூன்று என்ற கணக்கை அவள் மறக்கவில்லை.

ஒரு மணி ஆனதும் நர்ஸ் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் எதையும் பார்க்கவில்லை என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காலையில் நாம் அவளைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

அம்மா குழாய் இல்லாத பக்கம் சுண்டுவைப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தாள். சுண்டு மறுபடி அழுதாள். ஆனால் இது வேறு அழுகை, தூக்கத்துக்கு முந்திய சிணுங்கல். ஒன்று இருபதுக்குத் தூங்கிவிட்டாள். அத்தையின் தோளில் அல்லாமல் வேறு இடத்தில் பதினெட்டு நாளில் முதல் தூக்கம். வெளியே நின்றவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழவும் செய்தாள்.

ஒன்று நாற்பத்தெட்டுக்குச் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் வந்தார்கள். அறை தயாராகிவிட்டதாம். நாலு மணி என்றது இரண்டு மணியாகிவிட்டது. அவர்களுக்கு நேரம் முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றுதான்.

இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்க முடியுமா என்று அத்தை கேட்டாள். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. தூங்கி அரை மணி ஆகட்டும் என்று சொன்னாள். வந்தவர்களும் சரி என்று நின்றார்கள்.

அந்த இரண்டு நிமிடமும் அவள் குழந்தையைத் தொடவில்லை, முத்தமிடவும் இல்லை. முழித்துக்கொண்டால் எல்லாம் போய்விடும் என்று கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாக இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களோடு அப்பா கூடவே நடந்தார்.

கதவருகில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, அம்மா அத்தையின் முந்தானையைப் பிடித்தாள்.

"எழுந்ததும் முதல்ல என்ன பண்றான்னு எனக்குச் சொல்லணும். ஆறுதலுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. உங்க வேலையே அதுதானே."

அத்தை தலையை ஆட்டினாள்.

*

காலிக் கட்டிலில் சுண்டு மட்டும் தூங்கினாள். பக்கத்தில் தலையணையில் ஒரு பள்ளம். அத்தை தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டு, இரண்டு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தொடாமல், பேசாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்காருகிற வித்தை அவளுக்குத் தெரியும்.

இரண்டு இருபத்தைந்துக்குச் சுண்டு கண்ணைத் திறந்தாள். அழவில்லை. தலையணையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் அத்தையைப் பார்த்தாள். புரண்டு, தவழ்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள் என்று அத்தை நினைத்தாள்.

சுண்டுவின் கை அவளைத் தாண்டி மேலே போனது. எட்டவில்லை. எட்டாத ஆத்திரத்தில் சிணுங்கினாள். அத்தை தன்னையறியாமல் முன்னால் குனிந்தாள். சுண்டு அவள் உச்சிமுடியை ஒரு கொத்தாகப் பிடித்து மேல்பக்கமாக இழுத்தாள். கழன்று வராததைப் பார்த்து மறுபடி இழுத்தாள்.

"தா...ங்" என்றாள். காத்திருந்தாள்.

அத்தைக்கு வலித்தது. கையை விலக்கவில்லை. பதினொரு வருடத்தில் எத்தனையோ குழந்தைகள் மறுநாள் வந்து கையுறையை இழுத்ததைப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் தாளில் ஒரு சரி போடுவாள். இதற்கு எங்கே சரி போடுவது என்று தெரியவில்லை. சுண்டு எதையும் மறக்கவில்லை. தூக்கம் அந்த விளையாட்டை அப்படியே வைத்திருந்து கொடுத்துவிட்டது. யாருடைய தலை என்பதைத்தான் எங்கேயோ விட்டுவிட்டது. அத்தை அவளை வாரி எடுத்துக்கொண்டாள். அழுகை வந்ததால் எடுத்தாள், வேறு யோசனை இல்லை.

கைப்பேசி அடித்தது. தனி அறையிலிருந்து பேசினாள் அம்மா. குரல் முக்கால் மணி நேரத்தில் பாதியாகியிருந்தது.

"முழிச்சிட்டாளா?"

"இப்பதான்."

"முதல்ல என்ன பண்ணா?"

"தொப்பியைக் கழட்டப் பாத்தா. டாங்னும் சொன்னா."

அந்தப் பக்கம் மூச்சு வேகமாகக் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதோடு விட்டுவிடலாம் என்று அத்தை மனதார ஆசைப்பட்டாள்.

"தொப்பி என் தலையிலதானே இருக்கு அண்ணி. எந்தத் தொப்பியைக் கழட்டினா?"

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் தலையில தேடினா" என்றாள். "என் முடியைப் பிடிச்சு இழுத்தா."

யாரோ ஏதோ கருவியின் பெயரைச் சொல்வது அந்தப் பக்கம் கேட்டது. பிறகு ஒரு கதவு மூடியது. பிறகு அம்மா பேசினாள். ரயில் நிலையத்துக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினாள்.

"நாளையிலேர்ந்து அவ உங்க தோள்ல தூங்க வேண்டாம். தரையில தூங்கட்டும், அவர் மடியில தூங்கட்டும், தூங்காம அழுதாலும் அழட்டும். நான் பொழச்சு வந்தா எனக்கு அவ வேணும் அண்ணி."

அத்தைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தம்பி எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவான். பகலில் குழந்தையோடு இருக்கப்போவது அவள் ஒருத்திதான். தோளைத் தவிர வேறு எங்கும் சுண்டு சுலபத்தில் தூங்க மாட்டாள். தூங்காத குழந்தைக்கு எதுவும் தங்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகமும் தங்காது. இதெல்லாம் அவள் பிழைப்பு. அவளைவிட இதை அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

"சரி" என்றாள்.

அழைப்பு நின்றது. இன்று சுண்டுவுக்குக் கிடைத்த இரண்டு தூக்கமும் அரையும் குறையும்தான். சுண்டுவின் தலை வலது தோளில் அந்த ஈரம் காயாத இடத்தைத் தேடிப் படிந்துவிட்டது. மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து என்றுதான் சொன்னாள் என்று அத்தை ஒரு கணம் நினைத்தாள். உடனே அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டு, கட்டிலில் விடுவதற்காகக் குனிந்தாள்.

சுண்டு கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.